கஷ்டமான பாடத்தின் வாத்தியார்

எங்கள் பள்ளி இயற்பியல் வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘அரை மார்க்’. முழு மார்க் போட்டால் கை அழுகிவிடும் என்பதுபோல எல்லா விடைத்தாளிலும் ஒரு அரையைக் கடித்துக்கொள்வார். இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துகிறார். பிள்ளைகளுக்கு அவருடைய பிடரிதான் அத்துப்படி. பாதி வகுப்பு பெயில். வெட்கப்பட வேண்டியதை மனிதர் மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார்.

ஓவிய டீச்சரைக் கண்டால் அவருக்கு இளக்காரம்.

“வாளியை வரைஞ்சா தொண்ணூறா? அதே தொண்ணூறை என் பாடத்துல எடுக்கச் சொல்லுங்க, பாப்போம்” என்பார். டீச்சர் பாட்டுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருப்பார்.

போன வருடம் தலைமையாசிரியரை நச்சரித்து ஒரு விதி கொண்டுவந்தார். அதிகம் பேர் பெயிலாகும் பாடம் கஷ்டமானது. அதன் மார்க் அப்படியே இருக்கும். யாருமே பெயிலாகாத பாடம் சுலபம். மேல் வகுப்புக்கு ஆள் எடுக்கும்போது அதில் முப்பது மார்க் கழிக்கப்படும். அதைத் தட்டச்சு செய்த குமாஸ்தா நான்தான். பிழை பார்க்கிறேன் என்று பக்கத்தில் நின்று இரண்டு முறை வாசித்து ரசித்தார். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாலும் யாரும் பெயிலாக மாட்டார்கள் என்பது அந்த மேதைக்குத் தோன்றவே இல்லை.

அவருடைய மகளும் எங்கள் பள்ளிதான். அப்பாவின் பாடம் வேண்டவே வேண்டாம் என்று அழுது ஓவியம் எடுத்தவள். தொண்ணூற்றாறு வாங்கினாள். முப்பது போக அறுபத்தாறு. அவள் ஆசைப்பட்ட பிரிவில் இருபது இடம். பட்டியலில் அவள் இருபத்து மூன்றாவது.

பட்டியல் ஒட்டிய அன்று அரை மார்க் என் மேஜைக்கு வந்தார்.

“அந்த விதியைக் கொஞ்சம் திருத்த முடியுமா தம்பி?”

“ஓவியத்துல பாதிப் பேர் பெயிலாகியிருந்தா மார்க் குறையாது சார். நீங்க எழுதினதுதானே.”

அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருந்தது. அவர்மேல் ஒரு துளி இரக்கம் வரவில்லை.

நேரே ஓவிய அறைக்குப் போனார். வேடிக்கையை விட மனமில்லாமல் நானும் பின்னாலேயே போனேன். உள்ளே மகள் தன் படங்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், ஒரு பத்துப் பதினஞ்சு பேரையாவது பெயில் போட்டிருக்கக் கூடாதா?”

டீச்சர் பென்சில் சீவுவதை நிறுத்தவில்லை. “யாரைப் போடுறது சார்? எல்லாருக்கும் வரைய வந்துடுச்சே.”

“அவங்க சொல்லிக்குடுத்தாங்கப்பா” என்றாள் மகள், நிமிர்ந்து பார்க்காமல்.