ஏட்டய்யாவை உக்கார வைக்க ஒரு சிக்னல்

சிக்னல் மாட்டுற பொழப்புல ஒரு விசேஷம் என்னன்னா, லைட்டு ஒழுங்கா எரிஞ்சா நம்மளை ஒரு பய நெனைக்க மாட்டான். எரியலைன்னா ஊரே நம்ம ஆத்தா அப்பனை இழுத்து வச்சு நெனைக்கும். சிவப்புல நின்னு வெயில்ல வெந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, அதனால உங்ககிட்ட மனசு விட்டுச் சொல்லலாம்.

குடைக்கடியில நின்ன காலு

ரெண்டாயிரம் பொறந்த புதுசு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு நாலு ரோடு. அங்க இருந்தது போலீஸ்காரர் கையால சுவிட்சைத் திருப்புற பழைய சிக்னல். பாதி நாள் அது எரியாது, அவரே கையைக் காட்டித்தான் வண்டிகளை விடணும். அதைக் கழட்டிட்டு தானா மாறுற சிக்னலை மாட்டுற வேலை எங்க கம்பெனிக்குக் கெடைச்சது. நான் டெக்னீசியன். அகரத்துலருந்து தெனமும் மொபெட்டுல வந்து போவேன்.

அந்த நாலு ரோட்டுல குடைக்கடியில நின்னவர் சவரிமுத்து ஏட்டு. மெஷின் வந்தா மனுஷன் கடுப்பாயிருவாரேன்னு பயந்துக்கிட்டேதான் போனேன். அவரு பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காமிச்சாரு. நரம்பு பூரா சுருட்டிக்கிட்டு, கணுக்காலுக்கு மேல ஆறாத புண்ணு. இனிமே நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். இன்ஸ்பெக்டரோ, சிக்னல் ஆளில்லாம ஓடுறதைக் கண்ணால பாத்தாத்தான் ஸ்டேஷன்ல உக்காந்த வேலை, அதுவரைக்கும் வேற ஆளு இல்லைன்னுட்டாரு. "ஏலே அப்பு, வெரசா மாட்டு. உன் லைட்டு வேலை பாத்தாத்தான் நான் உக்கார முடியும்."

யாரு பெரியவரு?

புது சிக்னலை மாட்டி ஓட விட்ட மொத நாள் காலையில சிவப்பு பளிச்சுனு எரியுது. ஏட்டய்யா ஓரமா சும்மா நிக்கிறாரு. நத்தம் பஸ்ஸு பாட்டுக்கு வருது. டிரைவர் தலையைத் தூக்கவே இல்லை, ஏட்டய்யா மூஞ்சியவே பாத்துக்கிட்டு நடு ரோட்டுக்கு வந்துட்டாரு. நாலு பக்கமும் ஒரே ஹாரன். நான் ஓடிப் போயி, "அண்ணே, சிவப்பு எரியுதே, தெரியலையா?"ன்னு கத்தினேன். அவரு என்னை ஒரு மாதிரி பாவமாப் பாத்தாரு. "அது எரியுது தம்பி, ஏட்டய்யா ஒண்ணும் சொல்லலியே!"

சீனி கம்மியா ஒரு டீ

ஏட்டய்யா கண்ணுல படுற வரைக்கும் லைட்டை எவனும் மதிக்கப் போறதில்லைன்னு புரிஞ்சிருச்சு. அதனால அவரை மூலை டீக்கடை பெஞ்சுல உக்கார வச்சோம். செத்த நேரம் எல்லாம் நல்லாத்தான் போச்சு. பச்சை விழுந்துச்சு, வண்டிகளும் கெளம்பிருச்சு. அப்பப் பாத்து மனுஷன் டீ சொல்லணும்னு கையைத் தூக்கிட்டாரு.

அம்புட்டுத்தான். அந்த வெள்ளைச் சட்டைக் கை தெரிஞ்சதும் ரெண்டு பஸ்ஸும், ஒட்டன்சத்திரத்துலருந்து தக்காளி ஏத்திட்டு வந்த வேனும் பச்சை லைட்டுக்குக் கீழயே சடன் பிரேக்கு. ரெண்டு கூடை கவுந்து ரோடெல்லாம் தக்காளி. வேன் டிரைவர் எறங்கி வந்து ஏட்டய்யாவைக் கும்பிட்டாரு. "ஏனுங்க சார், கையை எறக்குங்க! நான் நிப்பேனுங்க, தக்காளி நிக்காதுங்க!"

கட்டுப் போட்ட கை

இந்த யோசனை என்னோடது, திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க. பெஞ்சும் வேணாம், ஒளிச்சு வைக்கவும் வேணாம், கையில கட்டுப் போட்டுக் கழுத்துல தொங்க விட்டுட்டா அந்தக் கையை யாரு பாப்பான்னு நெனைச்சேன்.

நம்ம ஊரு சனத்தைத் தெரிஞ்சும் அப்படி நெனைச்சேன் பாருங்க! ஒருத்தர் பாக்கியில்லாம நிப்பாட்டி, "ஐயையோ, கையில என்னாச்சு ஏட்டய்யா?" புளி ஏத்திட்டு வந்த லோடு ஆட்டோக்காரர் எஞ்சினை நிப்பாட்டிட்டு எறங்கியே வந்துட்டாரு. பூக்கூடையோட வந்த அம்மா எண்ணெய்க் கட்டுதான் கேக்கும்னு வைத்தியம் சொல்லுது. பஸ் ஸ்டாண்டு வாசல் வரைக்கும் வண்டி. அதுக்குள்ள மாட்டிக்கிட்ட ஜீப்புலருந்து இன்ஸ்பெக்டர் எறங்கி நடந்தே வந்து சேந்தாரு. "யோவ் சவரிமுத்து, நல்லா இருந்த கையாலகூட நீரு இம்புட்டு வண்டியை நிப்பாட்டினதில்லையேய்யா!"

பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்து பாக்குறேன், மூணு லைட்டு மேலயும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வச்சு, செவ்வந்தி மாலை போட்டிருக்கு. எது பச்சை, எது சிவப்புன்னு எவனுக்கும் தெரியலை. வேற வழியில்லாம ஏட்டய்யா மறுபடியும் நடு ரோட்டுக்குப் போயிட்டாரு. நான் ஏணியில ஏறித் தொடைச்சு முடிக்கிற வரைக்கும் நின்னாரு. எறங்கிப் பாத்தா, காலுல சுத்தியிருந்த துணியில ரத்தம் கசியுது. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அந்த ஆத்திரத்துல ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போயி, எவன்டா லைட்டுல சந்தனம் அப்புனதுன்னு கத்தினேன். அங்க மூத்த டிரைவர் கொஞ்சமும் கோவப்படலை. "அம்புட்டு வெயில்லயும் நின்னு வேலை பாக்குறாரு, அவருக்கு ஒரு பொட்டு வைக்க வேணாமா தம்பி?"

சிக்னலைத்தான் சொன்னாரு. "நின்னு வேலை பாக்குறவரு அங்க இருக்காருய்யா"ன்னு ஏட்டய்யா பக்கம் கையைக் காட்டினேன். காலு புண்ணு, டாக்டர் சொன்னது, இன்ஸ்பெக்டர் சொன்னது எல்லாத்தையும் கொட்டிட்டேன். பக்கத்துல டீ குடிச்சிட்டிருந்த நத்தம் பஸ் டிரைவரும் கேட்டுக்கிட்டிருந்தாரு. அவரு டம்ளரை வச்சுட்டு, "இத்தன நாளா ஏன்யா வாயைத் தொறக்கலை?"

காலிக் குடை

மறுநாள் குடைக்கடியில ஆளில்லை. புண்ணு சீழ் வச்சு, ராத்திரியோட ராத்திரியா அவரு வீட்டம்மா பெரியாஸ்பத்திரியில சேத்துருக்காங்க. இன்னும் நின்னா காலையே எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொன்னாராம். இன்ஸ்பெக்டரே வந்து என் பக்கத்துல நின்னாரு. "இன்னைக்குப் பாத்துருவோம்ப்பா. சனம் லைட்டை மதிக்கலைன்னா, அவரு எந்திரிச்சதும் திரும்ப இங்கதான் கூப்பிடணும். நான் என்ன செய்ய?" அவருக்கும் மனசு கஷ்டம்தான்.

சிவப்பு விழுந்துச்சு. நத்தம் பஸ்ஸு வந்துச்சு, கோட்டுக்குப் பின்னாடியே நின்னுச்சு. ஆட்டோக்களும் வரிசையா நின்னுச்சு. சைக்கிள்காரர்கூட ஒரு காலை ஊனி லைட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. வெளியூர்க் கார் ஒண்ணு மட்டும் பஸ்ஸுக்குப் பின்னாடி விடாம ஹாரன் அடிச்சுது. "போலீஸ்தான் இல்லையே, போய்யா!"ன்னு கார்க்காரர் கத்துறாரு. பஸ் டிரைவர் ஜன்னல்ல தலையை நீட்டினாரு. "நான் இப்பப் போனா, அவரு திரும்பி வந்து நிக்கணும்யா. வாயை மூடிக்கிட்டு நில்லு!"

ஏட்டய்யா காலும் தப்பிச்சு ஸ்டேஷன்ல நாற்காலியும் கெடைச்சதுலருந்து, எந்த ஊருல சிக்னல் மாட்டப் போனாலும் நான் வயரைத் தொடுறதுக்கு முன்னாடி அங்க நிக்கிற போலீஸ்காரருக்குக் காலு எப்படி இருக்குன்னு விசாரிச்சு, அதை மொதல்ல டீக்கடையில போயிச் சொல்லிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன்.