கேமரா வைத்த கோழிக்கொட்டகை

கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களுக்குப் பாம்பு, பூனை, சீக்கு என்று ஆயிரம் பயம் இருந்தாலும், குஞ்சே குஞ்சைக் கொத்துவதை ஒருமுறை பார்த்தவர்களுக்குத்தான் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. நீங்களும் பார்த்தவர் என்றால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், நானும் வருகிறேன்.

எனக்கு மைசூர் ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஊருக்கு வெளியே வீடு, பின்னால் கொட்டகை. நாட்டுக்கோழிக் குஞ்சுகளை ஒரு மாதம் வளர்த்து விற்பதாகத் திட்டம். முதல் இரண்டு தடவையும் ஒன்றை ஒன்று கொத்தியே பாதிக்குமேல் போய்விட்டன. மூன்றாவதாக நூறு குஞ்சுகள் இறக்கியபோது என் கணவர் சீனு, இதுவும் போனால் கொட்டகை தன் காருக்கு என்று சொல்லிவிட்டார். நானும் வீம்புக்குச் சரி என்றேன்.

ஒரு சொட்டுச் சிவப்பு

எட்டாம் நாள் காலை ஒரு குஞ்சின் வாலடியில் கடுகளவு ரத்தம். புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தை நான் எடுத்து வருவதற்குள் நாலைந்து குஞ்சுகள் அதைச் சுற்றிக்கொண்டன. அது ஓட ஓட, மற்றதெல்லாம் துரத்தித் துரத்திக் கொத்துகின்றன. பிறந்து எட்டே நாள், அதற்குள் என்ன பகை? பிடித்து மருந்து போட்டுத் தனியாக வைத்தேன்.

கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஏறப் போனவள் திரும்பி வந்து இன்னொரு முறை எட்டிப் பார்த்தேன். வாசலில் நின்று இதையெல்லாம் கவனித்த சீனு கேட்டார்: "ரமா, காருக்குக் கவர் வாங்கலாம்னு இருந்தேன். இப்ப வேண்டாம்தானே?"

ஆளுக்கொரு வைத்தியம்

கொத்துகிறது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். தீனியில் உப்பு பற்றவில்லை என்றார் ஒருவர். கூர்மை போக மூக்கைச் சுட்டுவிடு என்றார் இன்னொருவர். இடம் நெருக்கம், தீனித்தட்டு குறைவு, சூடு அதிகம் என்று ஆளுக்கொன்று. நான் மூக்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தேன். கொட்டகைக்குள் தடுப்பை நகர்த்தி இடத்தைப் பெரிதாக்கினேன், தட்டு கூட்டினேன், முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு நாள் கோஸைக் கொத்தின. மூன்றாம் நாள் பழையபடி ஆரம்பித்தன.

அன்றைக்கென்று பார்த்து, பத்துக் குஞ்சுகளுக்குச் சொல்லி வைத்திருந்த குவெம்புநகர் மாமி வந்து நின்றார். பேரப்பிள்ளைகளுக்காக வாங்குகிறாராம். துரத்தலையும் கொத்தலையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, தமிழில் பாதி கன்னடம் கலந்து சொன்னார்: "சண்டை போடாத பத்தா பாத்து எனக்குன்னு எடுத்து வெச்சுடுங்கோ, ஹௌதா?"

மீட்டிங்கில் ஒரு குரல்

ஆபீஸில் இருந்தபடியே பார்க்கலாமே என்று கேமரா மாட்டினேன். காற்று புகாமல் சுற்றிலும் தார்ப்பாய் கட்டியிருந்ததால் படம் மங்கலாகத் தெரிந்தது. சூட்டுக்கு இருந்த பல்புகளோடு, பெரிய வெள்ளை லைட் ஒன்றையும் போட்டேன். ஒவ்வொரு இறகும் தெளிவாகத் தெரிந்தது. கொத்துவதும் தெளிவாகத் தெரிந்தது. நாளுக்கு நாள் அது கூடிக்கொண்டே போனதும்தான். ஐந்து குஞ்சுகள் செத்தன. பஸ்ஸில் பார்ப்பேன், கேன்டீனில் பார்ப்பேன். பகலில் குஞ்சுகளைக் கவனிக்க வரும் மாதேவி, தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்க்காரி. அவளுக்கு ஒரு நாளில் பதினோரு முறை போன் செய்து, வலது மூலை, வெள்ளைக் குஞ்சு, ஓடு என்று உத்தரவு போட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவேன்.

ஒரு நாள் மீட்டிங்கில், மேஜைக்கடியில் போனை வைத்துக்கொண்டு, "ஐயோ, அதைத் தனியா எடுத்துப் போடு!" என்று கத்திவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட் பையன் பயந்துபோய்க் கேட்டான்: "மேடம், டீம்லேர்ந்து யாரைத் தூக்கறாங்க?"

சாக்குக்கு அடியில்

அன்று அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடினேன். அடிபட்ட குஞ்சுகள் ஒன்பதை, கேமராவுக்கு எட்டாத மூலையில், ஒரே பெட்டியில் போட்டுச் சாக்கால் மூடி வைத்திருந்தாள் மாதேவி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பதும் புண்ணோடு இருப்பவை, ஒன்றாகப் போட்டால் என்ன ஆகும்? சாக்கை விலக்கினேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு புதுக் காயம்கூட இல்லை.

என்ன மருந்து போட்டாய் என்று கேட்டேன். நான்கு நாளாகச் சொல்ல நினைத்ததை அவளால் அப்போதுதான் முழுசாகச் சொல்ல முடிந்தது: "மருந்தெல்லாம் இல்லீங்க்கா. நீங்க பாக்கோணும்னு அத்தாச்சோட்டுப் பெரிய லைட்டு போட்டீங்க. அந்த வெளிச்சத்துல அதுங்களுக்கும் புண்ணு நல்லாத் தெரியுதுங்க்கா."

பார்க்காத நாட்கள்

வெட்கமாக இருந்தது. வெள்ளை லைட்டை நானே கழற்றினேன். சூட்டுக்கும் சிவப்பு பல்பு மட்டும் மாட்டினோம். அந்த வெளிச்சத்தில் ரத்தம் தனியாகத் தெரியாது. கேமராவிலும் ஒன்றும் தெரியாது. மறுநாள் பஸ்ஸில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மதியம் ஒரே ஒரு போன் என்று மாதேவியிடம் ஒப்பந்தம். இரண்டு, மூன்று நாளில் துரத்தல் குறைந்தது. ஒரு வாரத்தில் நின்றேவிட்டது. பெட்டியில் இருந்த ஒன்பதும் ஆறிக் கூட்டத்தோடு சேர்ந்தன. மாதம் முடிந்தபோது தொண்ணூற்றைந்து நின்றன. சீனுவின் கார் இன்னமும் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நிற்கிறது.

மாமி தன் பத்துக் குஞ்சுகளை எடுத்துப்போகப் பேரப்பிள்ளைகளோடு வந்தார். மங்கலான சிவப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனை உயர்த்தினார்: "ஏன் இவ்வளவு இருட்டு? நன்னா ஒரு பெரிய லைட்டாப் போடுங்கோ, போட்டோ எடுக்கணும்."

குஞ்சுகளின் கொத்தும் பழக்கம் ஒருவழியாக நின்றுவிட்டது, கேமராவில் ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் அரைமணிக்கு ஒருமுறை போனைக் கொத்தும் என் விரலுக்குத்தான் இன்னும் வைத்தியம் அகப்படவில்லை.