பெஞ்சில் கடைசி இடம்

ஒரு பேஸ்பால் அணி தன் கடைசி ஆளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. முதல் ஆளைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. பந்தை அடித்துக் கூட்டத்துக்குள் தள்ளுகிறவனுக்கும், எதிராளி தொடவே முடியாதபடி எறிகிறவனுக்கும் எத்தனை கோடி கொடுப்பது என்பதைப் பெரிய மனிதர்களே பேசி முடித்துக்கொள்வார்கள். அங்கே கௌரவம் இருக்கிறது, டிவி இருக்கிறது. இருபத்தைந்து பேர் கொண்ட அணியில் இருபத்தைந்தாவதாக ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். அவனை யாரும் கவனிப்பதில்லை. அவன்தான் என் இலாகா.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் ரமோன் என்ற ஊரில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. மொத்தமே நாலு பேர். எந்த அணியும் எங்களுடையது அல்ல. அணிகள் எங்களிடம் கணக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நான் மதுரையில் புள்ளியியல் படித்தவள். பேஸ்பால் ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை, கிரிக்கெட்டே எனக்கு ஆகாது. இன்டர்வியூவில் அதைச் சொன்னபோதுதான் முதலாளிக்கு என்னைப் பிடித்துப்போனது. முன்பு ஓர் அணியில் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவர் அவர். ஆட்டம் தெரிந்தவர்களுக்கு ஆட்களைப் பிடித்துவிடும், பிடித்துவிட்டால் கூடக் கொடுத்துவிடுவார்கள் என்பார். எனக்கு லேசில் யாரையும் பிடிக்காது என்பதை எப்படித்தான் கண்டுகொண்டாரோ.

யாரை எடுப்பது, யாரை விடுவது, எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்கிற அலுவலகத்துக்கு இந்த விளையாட்டில் ஃப்ரண்ட் ஆபீஸ் என்று பெயர். நம் ஊரில் ஃப்ரண்ட் ஆபீஸ் என்றால் ஹோட்டல் ரிசப்ஷன். மதுரையில் இருந்த என் மாமனார் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். எம்.எஸ்ஸி. படித்த மருமகள் அமெரிக்காவில் போய் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறாளே என்று அவருக்கு உள்ளுக்குள் வருத்தம். "எந்த வேலையா இருந்தா என்னம்மா, நாணயமா செஞ்சா சரி" என்று போனில் என்னைத் தேற்றினார். நான் திருத்தவில்லை. நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு போகிற போனில் பேஸ்பாலை எங்கிருந்து ஆரம்பிப்பது?

எங்கள் முறை எளிமையானதுதான். ஓர் ஆட்டக்காரன் நல்லவனா என்று நாங்கள் கேட்பதில்லை. அவனை எடுத்துவிட்டு, மலிவாக, எப்போது வேண்டுமானாலும் கிடைக்கக்கூடிய ஒருவனை அதே இடத்தில் உட்காரவைத்தால் எத்தனை ஆட்டம் கூடுதலாகத் தோற்போம் என்று கேட்போம். அந்த வித்தியாசத்துக்கு மட்டும்தான் காசு. பெஞ்சில் இருக்கிற பலருக்கு அந்த வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். ஆனால் அணிகள் அவனுக்குக் கொடுப்பதோ அவன் எப்போதோ ஆடிய ஆட்டத்துக்கு. போன வருஷம் பெய்த மழைக்கு இந்த வருஷம் குடை வாங்குகிறார்கள் என்று நான் சொன்னதை முதலாளி ஒரு மீட்டிங்கில் தன் வாக்கு போலச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்.

இன்னொரு விஷயம் ஆப்ஷன். இளம் ஆட்டக்காரனை, முதல் சில வருஷங்களுக்கு, அணி தன் இஷ்டப்படி கீழே ஏதாவது சின்ன ஊர் அணிக்கு அனுப்பலாம், மறுபடி மேலே கூப்பிடலாம். அவனைக் கேட்க வேண்டியதில்லை. 'அவனுக்கு இன்னும் ஆப்ஷன் இருக்கிறது' என்பார்கள். கேட்டால் ஏதோ அவனுக்குத்தான் வசதி என்று தோன்றும். வசதி முழுக்க அணிக்கு. வயதானவனுக்கு ஆப்ஷன் தீர்ந்திருக்கும். அவனை ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும், இல்லை பரீட்சையில் தெரியாத கேள்வியை விடுகிற மாதிரி சாய்ஸில் விட்டுவிட வேண்டும்.

இரண்டாயிரம் முடிந்து இரண்டாயிரத்தொன்று பிறந்தபோது என் கணவரும் பெஞ்சில்தான் இருந்தார். அவர் கிழக்குக் கரையில், நியூ ஜெர்சியில் இருந்த ஒரு சாஃப்ட்வேர் கன்சல்டன்சியின் ஆள். அவர்கள் அவரை எந்தக் கம்பெனிக்கு அனுப்புகிறார்களோ அங்கே போய் வேலை பார்ப்பார். டாட்காம் கம்பெனிகள் எல்லாம் வரிசையாகப் படுத்துக்கொண்டிருந்த நேரம் அது. சான் ரமோனில் அவருடைய ப்ராஜெக்டை இழுத்து மூடினார்கள். ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கிறவனை கன்சல்டன்சிக்காரர்கள் பெஞ்சில் இருக்கிறான் என்பார்கள். பெஞ்ச் ஆட்களையெல்லாம் நியூ ஜெர்சியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் கொண்டுபோய்ப் போட்டார்கள்; இரண்டு பெட்ரூமில் எட்டுப் பேர். பக்கத்து ஊரான பிரிட்ஜ்வாட்டரில் பெருமாள் கோவில் இருந்ததால், யாருடைய காராவது வாய்த்த சனிக்கிழமைகளில் புளியோதரைக்குப் பஞ்சமில்லை. மற்ற நாட்களில் போன் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசா அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் விசா போகும்.

அங்கிருந்து அவர் மதுரைக்குப் போன் பண்ணியபோது அப்பாவிடம் உண்மையைத்தான் சொன்னார்.

"ப்ராஜெக்ட் முடிஞ்சிருச்சுப்பா. இப்ப பெஞ்ச்ல இருக்கேன்."

என் மாமனார் காலமெல்லாம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஜட்ஜுக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்து, கேஸ் கட்டுகளை எடுத்து மேலே நீட்டுவது அவர் வேலை. அவருக்கு பெஞ்ச் என்றால் ஒன்றுதான். ஜட்ஜ் உட்கார்கிற இடம்.

"பெஞ்ச்லயே உக்கார வச்சுட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

இவர் விவரம் புரியாமல், "ஆமாப்பா, ரெண்டு மாசமா" என்றிருக்கிறார்.

அன்று சாயங்காலமே மீனாட்சிக்கு அர்ச்சனை. தெரு முழுக்கச் செய்தி. அங்கே கம்ப்யூட்டர்காரர்களையும் தகராறு தீர்க்க பெஞ்சில் உட்காரவைக்கிறார்கள், நம்ம பையன் இப்போது பெஞ்சில் இருக்கிறான். என் கணவர் இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உண்மையைச் சொல்லிடுங்க" என்றேன்.

"எதைச் சொல்ல? அவர் ஆயுசு பூரா கீழ உக்காந்து அண்ணாந்து பாத்த இடம் அது. இருந்துட்டுப் போகட்டும்."

ஆக, தெருவில் மகன் பெஞ்சில், மருமகள் ரிசப்ஷனில். இரண்டுமே பொய் என்று சொல்லவும் முடியாது.

மார்ச்சில், சீசன் தொடங்கும் முன், ஓர் அணியிடமிருந்து எங்களுக்குக் கேள்வி வந்தது. பெஞ்சில் கடைசி இடம் ஒன்று காலி. இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் முப்பத்தைந்தைத் தாண்டிய பழைய ஆள், சம்பளம் கூட, ஆப்ஷன் கிடையாது. மற்றவன் சின்னப் பையன், குறைந்தபட்ச சம்பளம், ஆப்ஷன் இருக்கிறது. நான் போட்ட கணக்கில் இருவருக்கும் நடுவே வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்படியென்றால் மலிவானவனை எடு என்றுதான் அர்த்தம். ஆனால் அந்தப் பெரியவன் பெஞ்சில் இருந்தால் மற்றவர்கள் பதறாமல் ஆடுகிறார்கள் என்று அணிக்காரர்கள் சொல்கிறார்களாம். அதைக் கணக்கில் கொண்டுவர முடியுமா என்று முதலாளி கேட்டார்.

முடியாது என்றேன்.

"அப்படியானால் அது இல்லை" என்றார்.

எனக்கும் சரியாகத்தான் பட்டது. அவனை விட்டுவிட்ட செய்தி பேப்பரில் ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

அதே மாதம் கன்சல்டன்சி கெஸ்ட் ஹவுஸைக் காலி பண்ணி, பெஞ்சில் இருந்தவர்களை மொத்தமாக வேலையை விட்டு அனுப்பியது. என் கணவர் சான் ரமோனுக்குத் திரும்பி வந்தார். என் விசாவில் அவரைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. அவர் என்னோடு இருக்கலாம், வேலை செய்யக்கூடாது. நானும் அவரோடு கிளம்பிவிட முடியாது. என் கம்பெனி எனக்கு க்ரீன் கார்டு அப்ளை பண்ணியிருந்தது. நடுவில் விட்டால் அத்தனை வருஷக் காத்திருப்பும் போச்சு.

இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். காலையில் எனக்கு டப்பா கட்டுவார். சாயங்காலம் நான் வரும்போது டீ அடுப்பில் இருக்கும். பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டோம். எங்கள் ஆபீஸிலும் அடுத்த வருஷம் இருக்குமோ இருக்காதோ என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இரண்டு மாதமும் நான் பதறவே இல்லை. ஏன் என்று யோசிக்கவுமில்லை.

ஒரு சாயங்காலம் டீயை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி நெலமை வந்தா யாரைக் கீழ அனுப்புவீங்க?"

"ஆப்ஷன் இருக்கிற ஆளை."

"எனக்கு இருக்கு. பெங்களூர்ல ஒரு ஃப்ரெண்டு கம்பெனி ஆரம்பிச்சிருக்கான், வரச் சொல்றான். சம்பளம் கம்மிதான்."

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

"ஆப்ஷன்ல அனுப்பினா திருப்பிக் கூப்பிடணும்" என்றேன்.

"கூப்பிடு. க்ரீன் கார்டு வந்ததும் கூப்பிடு."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் ஆபீஸ் வாசலில் தினமும் பார்ப்பேன். கீழே பல் டாக்டரிடமிருந்து வெளியே வருகிறவர்கள் ஊசி போட்ட பாதி வாயோடு சிரிக்கப் பார்ப்பார்கள், சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் வரும். அந்த நாட்களில் நான் அப்படித்தான் இருந்தேன். ஏர்போர்ட்டில் அவரை இறக்கிவிட்டபோதும் அழுகை வரவில்லை. திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் நான் எடுக்க வேண்டிய எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டேன், அடுத்ததில் திரும்பி வந்தேன்.

அவர் விமானத்தில் இருந்த நேரத்தில் மாமனார் எனக்குப் போன் பண்ணினார். அவர் இந்தியாவிலிருந்து போன் பண்ணியது அதுதான் முதல் தடவை.

"பெஞ்ச்லேருந்து எறங்கிட்டானாம்மா?"

"ஆமா மாமா."

"சரி. அதுக்கென்ன, எப்பேர்ப்பட்டவங்களும் ஒரு நாள் எறங்கித்தான் ஆகணும். நீ நேரத்துக்குச் சாப்பிடும்மா" என்று வைத்துவிட்டார்.

பெங்களூருக்குப் போகும் முன் அவர் மதுரை வீட்டுக்குப் போயிருந்தார். இரண்டு நாள் கழித்துக் காலிங் கார்டு வாங்கி அங்கே பேசினேன். சாப்பாடு, பயணம், பெட்டி வந்து சேர்ந்தது எல்லாம் கேட்டு முடித்தபின் என் கணவர் சொன்னார்.

"அப்பா எழுந்து நின்னாரு."

மாமனாருக்கு முழங்கால் ரொம்ப மோசம். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தால், வந்தவர் யாரானாலும் உட்கார்ந்தபடியேதான் கையெடுத்துக் கும்பிடுவார்.

"எதுக்கு?"

"கோர்ட்ல ஜட்ஜ் பெஞ்ச்லேருந்து எறங்கினா எல்லாரும் எழுந்து நிக்கணும்ல. நான் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நிமிந்து பாக்குறேன், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டிருக்காரு. நான் உள்ள வந்து உக்கார்ற வரைக்கும் அவரு உக்காரல."

"அவருக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியல. நான் கேக்கல."

கார்டில் இன்னும் ஒரு நிமிஷம்தான் பாக்கி இருக்கிறது என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் குறுக்கே வந்து சொன்னது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த நிமிஷம் முழுவதும் அழுதேன். அவர் வெறுமனே லைனில் இருந்தார்.