ஒட்டி வைத்த கடைசிப் பக்கம்

இலங்கையில் ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஒரு வாங்குப் பலகையில் சேர்ந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு கதைப்புத்தகம்தான் தருவார்கள். நானும் என் சிநேகிதியும் மாறி மாறி வாசிப்போம். அந்தமுறை நான் முந்திக்கொண்டேன். கதையில் யானைக்குட்டியும் மைனாவும் கூட்டாளிகள். முடிவில் மைனா பறந்து போய்விடும், திரும்பி வராது. எழுதியவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளைகளுக்கு இப்படியா எழுதுவது?

அவள் வீட்டுக்கு அப்போது இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்திருந்தது. சோற்றுப் பருக்கையை நசுக்கி, மைனா போவது தெரியாதபடி கடைசி இரண்டு தாளையும் சேர்த்து ஒட்டிக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் திருப்பித் தந்தாள். "நல்ல கதை. ரெண்டும் கடைசிவரைக்கும் ஒண்ணாவே இருக்குதுங்க," என்றாள். அடுத்த கிழமை கண்டி ஸ்டேஷனில் கோச்சி ஏறிப் போய்விட்டார்கள்.

வாங்கில் அவள் இடம் காலியாகவே கிடந்தது. பல மாதம் கழித்து அந்தப் புத்தகத்தை எடுத்துத் தாளைப் பிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. சோறென்றால் காய்ந்து உதிர்ந்திருக்கும். இது பலாப்பால், பட்டம் ஒட்ட அவள் எடுப்பது.

பிரித்துப் படித்திருக்கிறாள். படித்தது எனக்குத் தெரியக் கூடாதென்று, என்னைவிடக் கெட்டியாக ஒட்டியிருக்கிறாள்.