முத்திரை வைத்த அலமாரி

காசநோய்ச் சிகிச்சை நிலையத்தில் பதினேழு ஆண்டுகளாகப் பணியாற்றும் அந்தச் செவிலி ஒருமுறையும் கடல் தாண்டியதில்லை. ஆயினும், அமெரிக்காவின் எந்த மாநிலம் தேர்தலில் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தலைகீழாக ஒப்பிப்பார். நிலையத்தின் மாத்திரைகள் அந்நாட்டு உதவியில் வருபவை. அங்கே அதிபர் நாற்காலியில் ஆள் மாறினால் இங்கே படிவம் மாறும், சுவரொட்டி மாறும். ஒருமுறை வாசல் பலகையே மாறியது.

"உங்க எலெக்‌ஷன் என்னாச்சு சிஸ்டர்? நம்ம வார்டு கவுன்சிலர் பேராவது தெரியுமா?" என்று மருந்தாளுநர் சீண்டுவார்.

"அவர் மாறினா தெருவிளக்குதான் அணையும், அண்ணே."

இம்முறை படிவத்தோடு நிற்கவில்லை. புதிய அதிபர் பதவியேற்ற இரண்டாம் வாரமே, உதவிகள் யாவும் மறுபரிசீலனையில் உள்ளன, எதையும் வழங்கக் கூடாது என்று ஆணை வந்தது. மேலாளர் மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவில் காகித முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டுப் போனார். சாவி செவிலியிடமே இருந்தது.

மறுநாள் காலை தையற்காரி வந்தாள். ஆறு மாதச் சிகிச்சையில் இது நான்காம் மாதம். கன்னத்தில் இப்போதுதான் சதை பிடித்திருந்தது. இடையில் விட்டால் நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பும். அரசு மருத்துவமனையில் விசாரித்தாயிற்று. புதிதாகப் பதிந்து மாத்திரை தரப் பத்து நாளாகுமாம்.

"இன்னைக்குக் குடுக்க முடியாதும்மா. அமெரிக்காவுல அதிபர் மாறிட்டாரு."

தையற்காரி கண்ணாடிக்குள் பார்த்தாள். "அதோ, ரெண்டாவது தட்டுல என் பேர் போட்ட பெட்டி இருக்கே சிஸ்டர்."

"இருக்கு."

"அவருக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல. உன்னை அவருக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதவரு எதுக்கு என் மாத்திரையப் பூட்டணும்? ஒருநாள்கூட விடாதேன்னு என்னைத் திட்டுனது நீங்கதானே?"

அவருக்கு ஓட்டுப் போட்டவர்களிடம் கேட்கலாம் என்றால், அவர்களுக்கு இப்படியோர் அலமாரி இருப்பதே தெரியாது. செவிலி எழுந்தார். அடிக்கோலின் முனையால் முத்திரையைக் கிழித்துக் கதவைத் திறந்தார். பெட்டியை முழுதாக அவள் கையில் கொடுத்தார்.

அவள் படியிறங்குவதற்குள் தொலைபேசி ஒலித்தது. மேலாளர்தான்.

"சிஸ்டர், அங்க இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்களாம். அதுவரைக்கும் எதையும் தொட்டுடாதீங்க."

"தொட்டாச்சு சார்."

"எத்தனை பெட்டி?"

செவிலி அலமாரியைப் பார்த்தார். மீதிப் பதினொரு பெட்டிகளின் மேலும் தன் கையெழுத்திலேயே ஒவ்வொரு பெயர் இருந்தது.

"இப்போதைக்கு ஒண்ணு" என்றார். "சாயங்காலம் கேளுங்க."