ஒரு சீட்டுக்கு இரண்டு தூண்டில்

பாரிஸின் லாச்சப்பலில் வேலை முடிந்தால் ஸ்டாலின்கிராட் கால்வாய்க்கு நடப்பேன். மாசிக் குளிரிலும் அங்கே என்னைவிட இளைய நம்மவர் ஒருவர் தூண்டில் போடுவார். கம்பளித் தொப்பி; வலக்கைக்கு மட்டும் உறை கிடையாது. மீன் தொடுவது விரலுக்குத் தெரிய வேண்டுமாம். ஒருநாள் தன் இரண்டாவது தூண்டிலை என்னிடம் தந்தார். முல்லைத்தீவுக் கடலில் பழகிய நான் விறுவிறென்று இழுத்தேன்.

“அண்ணை, குளிருக்கை மீனுக்கும் சோம்பல். அடியிலை கிடக்கும். வாய்க்குக் கிட்டப் புழுவை விட்டிட்டுப் பேசாமல் இருங்கோ. துரத்திக்கொண்டு வர அதுக்கென்ன விசரோ?”

சிரித்து முடிப்பதற்குள் மீன்பிடி அனுமதிச் சீட்டுப் பரிசோதிக்கிற இருவர் வந்துவிட்டார்கள். என்னிடம் சீட்டில்லை. அகதி வழக்கும் தோற்று அப்பீலில் கிடந்தது. விசா கேட்டால் என் கதை முடிந்தது.

அவர் மெல்ல என் தூண்டிலை வாங்கினார். இரண்டும் தன்னுடையவை என்று பிரெஞ்சில் சொல்லித் தன் சீட்டை நீட்டினார். ஒரு சீட்டுக்கு இரண்டு தூண்டில் போடலாமாம். வந்தவர்கள் தலையசைத்துப் போனார்கள்.

“பெரிய உதவி, தம்பி.”

“நீங்கள் இழுத்த இழுவையை மீன்பிடி எண்டு அவையும் சொல்லமாட்டினம், அண்ணை.”

வழக்கு வென்றபின் பலமுறை தேடிப் போனேன், காணக் கிடைக்கவில்லை. அன்று அவர் காட்டியது மீன்பிடிச் சீட்டை மட்டும்தான். அவரிடம் விசா இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.