காணிக்கைப் பெட்டியில் ஒரு கட்டை

அன்புச்செல்விக்குக் கால் சும்மா இருந்து பழக்கமில்லை. வாரமெல்லாம் தையல் மெஷினை மிதிப்பாள். ஞாயிற்றுக்கிழமை போத்தனூர் சர்ச்சில் பெடல் ஆர்கனை மிதிப்பாள். இரண்டு காலும் மாறி மாறி மிதித்துக் காற்றடித்தால்தான் அந்த ஆர்கன் பாடும். மிதி நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

தொண்ணூற்று நாலில் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஜப்பான் குடும்பம் குடியிருந்தது. மில்லுக்குப் புது மெஷின் பூட்ட வந்த என்ஜினியர் வீடு. அவர் மனைவி மிச்சிகோவுக்குச் சுடிதார் தைக்க அளவெடுக்கப் போன அன்றுதான் அன்புச்செல்வி அந்தப் பாட்டைக் கேட்டாள். கடலுக்கடியில் விளக்கேற்றப் போகிற ஒரு பெண்பிள்ளையின் கார்ட்டூன் படத்தில் வருவது, அனிமே என்பார்களாம். அதைப் பியானோவுக்கென்று யாரோ நெருக்கிப் பின்னி எழுதியிருந்தார்கள். மிச்சிகோ வீட்டுப் பியானோவில் வாசித்தார். வலது கை அலையடித்துக்கொண்டிருக்கையில் இடது கை ஒரே தாவாகத் தாவி இடக்கோடியில் ஒரு கட்டைமேல் விழுந்தது. மேசையில் இருந்த குண்டூசி டப்பா கிலுகிலுத்தது. அன்புச்செல்விக்குக் கையிலிருந்த இன்ச் டேப் நழுவியதுகூடத் தெரியவில்லை.

"இத நான் வாசிக்கோணுங்க" என்றாள்.

மிச்சிகோவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். ஆனாலும் விளங்கிக்கொண்டார். மறுவாரம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

சர்ச்சில் ஞானப்பாட்டை நோட்டுப் பார்த்து வாசிக்கிறவள்தான் அன்புச்செல்வி. ஆனால் இந்தத் தாளிலோ சர்க்கரை கொட்டிய இடத்தில் எறும்பு மொய்த்தாற்போல ஒரே கறுப்பு. ஒரு வரி விரலுக்கு வருவதற்குள் ஒரு நோம்பிப் பண்டிகை வந்து போய்விட்டது. அதையும் தாண்டினால், அந்தக் கோடிக் கட்டை ஆர்கனில் இல்லவே இல்லை. ஆர்கன் அதற்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

"அதொண்ண மட்டும் மேல ஏத்தி வாசிச்சுக்கோ அம்மணி. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் புருஷன் ராசப்பன். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன்.

"நாப்பது இடுப்புக்கு முப்பத்தாறுல தெச்சுக் குடுத்தா போட்டுக்குவாங்களாக்கு?"

அடுத்த தடவை ஆர்.எஸ்.புரம் போனபோது இன்ச் டேப்பைப் பியானோமேல் நீட்டி, நடுக்கட்டையிலிருந்து கோடிக்கட்டை எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டாள். மிச்சிகோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வாசிக்கட்டுமா என்று கேட்க மட்டும் அன்புச்செல்விக்கு நாக்கு எழவில்லை. துணி தைக்க வந்தவள் எப்படிக் கேட்பது?

சர்ச்சில் ஆர்கனுக்கு இடப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் காலியான காணிக்கைப் பெட்டியை வைத்து, அளந்து, தையல் சாக்பீஸால் கோடு கிழித்தாள். பாட்டு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கை தாவிக் கோட்டில் விழும். டொக்.

"பாட்டுக்கு நடுவுல ஆரோ கதவத் தட்டறாங்க, போய்த் தொறந்து உடு" என்பான் ராசப்பன்.

மில் வேலை முடிந்தது. குடும்பம் ஊர் திரும்புகிறது, பியானோவை ஏற்றச் சனிக்கிழமை லாரி வருகிறது என்று தெரிந்தபோதுதான் கூச்சத்தை விட்டாள். இனி எந்த வீட்டில் போய்ப் பியானோவைத் தேடுவது?

"ஒருக்கா, ஒரே ஒருக்கா வாசிச்சுப் பாத்துக்கறனுங்க."

"சனி, லாரி முன்னாடி வாங்க" என்றார் மிச்சிகோ.

சனிக்கிழமை ராசப்பனையும் துணைக்குக் கூட்டிப் போனாள். சுமைக்காரர்கள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அதற்குள் வந்து நின்றிருந்தார்கள். உட்கார்ந்தாள், ஆரம்பித்தாள். கால் தன்பாட்டுக்கு மிதிக்க ஆரம்பித்தது. பியானோவின் பெடல் காற்றடிக்கிற பெடலா? ஒரு மிதிக்குச் சத்தமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து குழம்பாகியது, மறு மிதிக்குப் பொட்டென்று அறுந்தது. நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே குழம்பு.

"ஏனுங்க, இது ரிப்பேருங்களா?" என்றார் ஒரு சுமைக்காரர்.

அன்புச்செல்விக்குக் காது சுட்டது. எழுந்துவிடலாம் என்று பெஞ்சைப் பிடித்தாள். மிச்சிகோ சட்டென்று தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தொட்டார்.

"கால்... தூங்கு."

புரிந்தது. இரண்டு காலையும் தூக்கி, கொக்கி வைத்துத் தைக்க உட்காருகிற மாதிரி பெஞ்சில் சம்மணம் போட்டாள். கீழே மிச்சிகோ பாட்டுக்குத் தக்கபடி பெடலைக் கையால் அமுக்கியும் விட்டும் பார்த்துக்கொண்டார்.

இப்போது பாட்டு தண்ணீராக ஓடியது. அலை எழுந்தது, கடலுக்கடியில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றின. அந்த இடம் வந்தது. இடது கை தாவி, காணிக்கைப் பெட்டியில் கோடு கிழித்த அதே தூரத்தில் விழுந்தது. டொக் இல்லை. சத்தம் என்றே சொல்ல முடியாத ஒன்று தரையிலிருந்து கிளம்பி, பெஞ்சு வழியாக ஏறி, அவள் முழங்காலுக்குள் நின்றது. இவ்வளவு பெரியதையா இத்தனை நாள் ஒரு மரப்பெட்டியில் தட்டிக்கொண்டிருந்தோம்? கண்ணைக் கண்ணீர் மறைத்தது. விரல்கள் நிற்கவில்லை. கடைசி வரியிலும் அதே கட்டைதான். அமுக்கினாள்.

சுமைக்காரர்கள் அசையவில்லை. ராசப்பன்தான் வாசலிலிருந்து மெல்லச் சொன்னான்: "தட்டித் தட்டித் தொறந்தே போட்டியே, அம்மணி."

அவள் திரும்பவில்லை. விரலை எடுக்காமல், அந்தச் சத்தம் எங்கே போய் முடிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே மிச்சிகோவும் அமுக்கிய பெடலை விடவில்லை.